காலடித் தகடு

என் புருஷன் பெயர் தனசேகரன். வண்டித் தகடு தட்டுகிற எங்கள் பட்டறைக்கு வருகிற ஆட்டோக்காரர்கள் அவரை டிங்கர் என்பார்கள், சில பேர் தலைவரே என்பார்கள். மாமியார் இருந்தவரைக்கும் தனா என்றுதான் கூப்பிடுவார். நான் சாதாரண நாளில் 'இன்னாங்க' என்பேன், கோபம் வந்தால் 'யோவ்' என்பேன். 'சேகர்' என்று யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, அந்தப் பொன்னி வந்து இறங்குகிற வரைக்கும்.

கூரத்திலிருந்து ஒரு டிராக்டர், பழைய அம்பாசிடர் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் பட்டறை வாசலில் நின்றது. ஏகாம்பரநாதர் கோயில் மதிலுக்குப் பின்னால் இருக்கிற சந்து எங்களுடையது. டிராக்டரும் காரும் சேர்ந்து அடைத்துக்கொண்டதில் இரண்டு ஆட்டோ பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. அதற்கும் பின்னால் வந்த வெள்ளைக் காரிலிருந்து அவள் இறங்கினாள். என்னைவிட இரண்டு வயசு கூடவே இருக்கும். ஆனால் பார்த்தால் என் தங்கச்சி என்று சொல்லலாம். மெட்ராஸ் தண்ணி, ஏசி அறை, வேளா வேளைக்குத் தூக்கம். எனக்கும் அதெல்லாம் கிடைத்திருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

"சேகர், எப்படி இருக்கே? அப்பாவோட வண்டி. நீதான் பார்க்கணும். வேற யார் கையும் இதுல படக்கூடாது."

என் புருஷன் கிரைண்டரை அணைத்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "வா பொன்னி" என்றார்.

வாசற்படியில் உட்கார்ந்து பட்டுப்புடவைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. கடைக்காரர்கள் கொடுக்கிற புடவைகளுக்கு முந்தானை நூலை முடிந்து குச்சு கட்டுவது என் வேலை. பக்கத்து வீட்டுக் காவேரியும் என்னோடுதான் உட்கார்ந்து கட்டுவாள். அவள் என் தொடையில் இடித்தாள்.

"எக்கா, பேரு சொல்லி கூப்புடுறாரு. வாங்கன்னு கூட இல்ல, வா-ன்றாரு. கவனிச்சியா?"

கவனிக்காமல் என்ன? பொன்னியின் அப்பா ராஜகோபால் கூரத்தில் பெரிய விவசாயி. என் மாமியார் செல்லியம்மாள் அவர் வயலிலும் மாட்டுக்கொட்டகையிலும்தான் காலம் கழித்தார். சாகிற வரைக்கும் அவர் வாயில் 'ஐயா வூட்டு பாப்பா' என்றுதான் வந்ததே தவிர, அந்தப் பெண்ணின் பெயர் வந்ததில்லை. எங்கள் ஜனத்தில் யாரும் அந்த வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. இவர் மட்டும் கூப்பிடுகிறார் என்றால், இடையில் என்னவோ இருந்திருக்க வேண்டும். சின்ன வயசில் ஆரம்பித்த ஏதோ ஒன்று. எனக்குச் சொல்லாமல் இத்தனை வருஷம் மூடி வைத்த ஒன்று.

பொன்னியின் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் செத்துப்போன அப்பாவின் காரைத்தான் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கார் பல வருஷமாக வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. இருவரும் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். தலையும் தலையும் முட்டாத குறை. மிதியடியைத் தூக்கினதும் அழுகின வாடை என் மூக்கு வரைக்கும் வந்தது. முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, மிதியடிக்குக் கீழேயே தேங்கித் தகட்டைத் தின்றிருக்கிறது. அவர் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். அது தகட்டைத் தாண்டி மண்ணைத் தொட்டது.

"மேல் பாடி நல்லாக்குது பொன்னி. அடியிலதான் துரு. நாலு காலடியும் வெட்டி எடுத்துட்டு புதுசு வெக்கணும்." கார்க்காரர்கள் கால் வைக்கிற இடத்தைக் காலடி என்பது அவர் வழக்கம்.

"எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்ல. நீ செஞ்சா போதும்."

அவள் போனதும் நான் எழுந்து போனேன். "யோவ், ஒரு பேட்ச் வெச்சி, தார் அடிச்சி தாட்டி வுடேன். ஒரு நாள் ஊர்வலத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ வேலை?" எல்லா வண்டிக்கும் அவர் செய்வது அதுதான். நான் புதுசாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

"இது அப்படி இல்லமே" என்றார். அவ்வளவுதான்.

அப்படி இல்லையாம்.

தகட்டை வெட்டினால் பாடி தொய்ந்து கதவு மூடாமல் போய்விடும் என்று, கதவுக்குக் கதவு குறுக்கே இரும்புக் குழாய் கொடுத்துப் பற்றவைத்தார். சீட்டுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, தூசி படாமல் என் பழைய புடவையைப் போட்டு மூடினார். மற்ற வண்டியில் கட்டிங் வீல் வைத்தால் தீப்பொறி பறக்க ஒரே மூச்சில் முடித்துவிடுகிற மனுஷன், இதில் வெட்டுவார், நிறுத்துவார், விரலால் தடவிப் பார்ப்பார், மறுபடி வெட்டுவார். எனக்குப் பிரசவம் ஆனபோதுகூட என்னை இப்படித் தாங்கியவர் இல்லை. நான் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்.

கல்யாண வேலைக்காகக் கூரத்திலேயே தங்கியிருந்த பொன்னி, நினைத்தால் வந்து நிற்பாள். ஸ்டூல் போட்டு உட்காருவாள். ஃபிளாஸ்கில் அவருக்குக் காபி கொண்டு வருவாள். என்னை ஒதுக்கினாள் என்றும் சொல்ல முடியாது. கல்யாணப் புடவைகளுக்குக் குச்சு கட்ட என்னிடம்தான் கொடுத்தாள். "எஸ்தர், நீங்க கட்டற முடிச்சு முத்து மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு 'நீங்க', அவருக்கு 'நீ'. அவள் காதைத் திருகுவதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சையும் முறுக்கினேன். அதனாலோ என்னவோ, குச்சு நன்றாகவே வந்தது.

"சேகர், திருமுக்கூடலுக்குப் போவோமே ஞாபகம் இருக்கா? ஆத்துல தண்ணி போகும். என்ன ஜாலியா இருக்கும் இல்ல?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இருக்குது பொன்னி" என்றார் அவர், சுத்தியலை நிறுத்தாமல்.

திருமுக்கூடலுக்கு என்னை ஒரு தடவை அழைத்துக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே என்ன இருக்குது, வெறும் மணல் என்று சொன்ன ஆள் இவர்.

முன்பக்கத்துக் காலடி இரண்டும் சென்னை புதுப்பேட்டையில் தேடி ரெடிமேடாகவே கிடைத்தன. பின்பக்கத்துக்குக் கிடைக்கவில்லை. பின்னால் இடதுபக்கத்துக் காலடி வெட்டும்போதே பொடியாகக் கொட்டிவிட்டது. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற காலடி மட்டும் உருப்படியாக இருந்தது. அதை ஓரமாக வெட்டி, உடையாமல் இரண்டு கையால் ஏந்தி எடுத்தார். வழக்கமாகத் தகட்டை வீசுகிற மூலைக்குப் போவார் என்று பார்த்தால், கோணிப்பையில் சுற்றிக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்து எங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"இத மட்டும் தொடாத எஸ்தரு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் வெட்டி விழுகிற பழைய தகடெல்லாம் என்னுடையது. கல்யாணம் ஆன புதுசிலிருந்து அப்படித்தான். காயலான் கடை சபாபதி மூன்று சக்கர வண்டியோடு சந்துக்குள் வந்தால், பேசுவதும் நான், போடுவதும் நான். இதுவரைக்கும் ஒரு ஆணியைக்கூட அவர் எடுத்து வைத்தது கிடையாது. இப்போது ஒரு துருப்பிடித்த தகடு, கட்டிலுக்குக் கீழே, தொடாதே என்று.

காவேரியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு யோசித்தாள்.

"அவ கால் வெச்ச தகடுக்கா அது. சின்ன வயசுல அவ அங்கதான குந்திக்கினு போயிருப்பா? ஆம்பளைங்க சில பேர் அப்படித்தான். எங்க பெரியப்பா ஒருத்தர் ஒத்தச் செருப்ப வெச்சிருந்தாரு."

அதற்கப்புறம் கட்டிலில் படுத்தால் தூக்கம் வரவில்லை. என் முதுகுக்குக் கீழே அவள் கால் வைத்த தகடு. அவர் பக்கத்தில் குறட்டை விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர் மன்னிப்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் தகட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்து எழும்போது, மனசில் இருந்ததெல்லாம் சபாபதி எந்தக் கிழமை வருவான் என்பதுதான்.

அவர் நல்ல கனத்தில் தகடு வாங்கப் போயிருந்த காலையில் சபாபதி வந்தான். பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேரீச்சம்பழம் என்று கத்திக்கொண்டே வந்தான். கட்டிலுக்குக் கீழே இருந்து கோணிப்பையோடு இழுத்து, அவன் வண்டியில் போட்டேன்.

"இன்னாக்கா, இது வெறும் துரு. எடைக்கே நிக்காது."

"எடைக்கு வேணாம்பா. எடுத்துக்கினு போனா போதும்."

அவன் பாவப்பட்டு ஒரு காகிதத்தில் பேரீச்சம்பழம் மடித்துக் கொடுத்தான். அதைத் தின்றுகொண்டே குச்சு கட்டினேன். அவ்வளவு இனிப்பாக நான் அதுவரைக்கும் தின்றதில்லை.

அவர் புதுத் தகட்டோடு வந்தார். நேராகக் கட்டிலுக்குக் கீழே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே இருந்தபடி, "எஸ்தரு, இங்க இருந்தது எங்க?" என்றார்.

"சபாபதிகிட்ட போட்டுட்டேன்."

"தொடாதன்னு சொன்னேனே."

"இன்னாத்துக்குத் தொடக்கூடாது? அவ கால் பட்டுதுன்னா? யோவ், நான் இன்னா குருடியா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தார். "அதான்மே அளவு" என்றார். "பின்காலடி எங்கயும் கெடைக்காது. அத வெச்சிப் பாத்துத்தான் புதுசு அடிக்கணும். மேடு எங்க, பள்ளம் எங்க, எல்லாம் அதுலதான் இருந்திச்சி. பட்டறையில வெச்சா மழ பட்டு நொறுங்கிடும்னு உள்ள வெச்சேன்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இதுல இன்னாமே சொல்றது?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒலிமுகமதுபேட்டையில் இருக்கிற சபாபதியின் கிடங்குக்கு ஓடினார். மதியம் திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. லோடு லாரி கிளம்பிப் போய்விட்டதாம். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை நின்றால் பட்டறையின் பேரும் போகும், அவர் பேரும் போகும். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவரோ தண்ணீர் குடித்துவிட்டுப் பட்டறைக்குள் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன்.

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பின்சீட்டைத் தரையில் இறக்கி வைத்திருந்தார். அதற்கு முன்னால், காருக்குள் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு விட்டு, டிரைவர் சீட்டை வைத்திருந்தார். அந்த இடைவெளியில், தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் முதுகைச் சாய்த்து, முழங்கால் இரண்டையும் மார்போடு கட்டிக்கொண்டு. தலை நரைத்த மனுஷன், வயிறு வைத்த மனுஷன், அந்த இடுக்கில் அடங்காமல் அடங்கி உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். வலது கை தரையைத் தடவியது. பிறகு இடது கை. கையில் இருந்த சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, இன்னொரு கோடு.

"இன்னா பண்றீங்க?"

"தோ, இங்க ஒரு மேடு. அடியில குத்தும். அதுக்கப்பால ஒண்ணு. நடுவுல பள்ளம், தண்ணி தேங்குற மாதிரி. இடது கைப் பக்கம் பெரிய மேடு, சூடாவே இருக்கும். குதிகால்கிட்ட ஒரு ஓட்ட. அதுக்கு ரப்பர் மூடி." கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

அடங்கியிருந்த எரிச்சல் மறுபடி எனக்கு ஏறியது. "இவ்ளோ ஞாபகமா இருக்குதா? எத்தினி வாட்டி போயிருக்க அவளோட?"

"நெறைய வாட்டி."

"சோடியா?"

அவர் கண்ணைத் திறந்தார். "நான் சீட்டுல குந்தலமே."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தேன். சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தேன்.

"தண்ணிக் கேனும் சோத்துக் கூடையும் பாத்துக்க என்ன இட்டுக்கினு போவாங்க. சீட்டு மேல குந்தக் கூடாது. கூடையும் நானும் கீழ. அவ மேல. அப்ப அவளுக்குக் கால் தரைக்கு எட்டாது. என் தோள்லதான் வெச்சிக்கினு வருவா. அவ ஜன்னல்ல பாத்துக்கினு வருவா. நான் ரப்பர் மூடியத் தொறந்துட்டு, அந்த ஓட்டயில ரோடு ஓடுறதப் பாத்துக்கினு வருவேன்."

"திருமுக்கூடல் வரைக்குமா?"

"திருமுக்கூடல் வரைக்கும்."

நான் அவர் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தேன். இருந்தாலும் என் புத்தி எங்கே போகும்? அந்தப் பெயரிலேயேதான் போய் நின்றது. "அப்புறம் இன்னாத்துக்குப் பேரு சொல்லி கூப்புடுற?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "அவங்க அப்பா இருந்த வரைக்கும் பாப்பான்னுதான் சொல்லுவேன். அன்னிக்கு டிராக்டரோட வந்து நின்னாளே, சொல்லித்தான் பாப்போமேன்னு சொன்னேன். ஒண்ணும் ஆவல. அதுலருந்து சொல்லிக்கினே இருக்குறேன்."

"அவ மேல ஆசையா இருந்திச்சா? உண்மையச் சொல்லு."

"பொறாமையாதான் இருந்திச்சி. அந்த சீட்டு எப்படி இருக்கும்னு அவ்ளோ பொறாமை" என்று சொல்லிவிட்டு, சீட்டைப் பிடித்து எழுந்தார். முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டது.

நான் குச்சு கட்ட உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ஆசையில்லை என்று தெரிந்ததில் நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இத்தனை நாளும் அவள் மேல் எரிந்த அதே இடத்தில் இப்போது வேறு மாதிரி எரிந்தது. அந்த ஜன்னல் காற்று, அந்த ஆற்றுத் தண்ணீர், ஜாலி. எல்லாவற்றையும் அவள் ஒருத்தியே அனுபவித்துவிட்டு, சேகரும் கூடத்தான் அனுபவித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பு இருக்கிறதே, அதன் மேல்தான் எனக்கு அவ்வளவு பொறாமை.

ஓர அளவைக் காரிலிருந்தே எடுத்தார். மேடும் பள்ளமும் சாக்பீஸ் கோட்டிலிருந்து வந்தன. மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி எழுப்பினார். இடதுபக்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டு அடித்தார். காரில் வைத்துப் பார்த்தபோது ஓர் இடத்தில்கூட இடிக்கவில்லை. சூட்டில் தகடு நெளியாமல் இருக்க, இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று பற்றவைத்தார். துரு ஏறாமல் மேலே ரெட் ஆக்சைடு, அடியில் தார். குதிகால் ஓட்டைக்கு ரப்பர் மூடியும் போட்டார். அது வேண்டுமா என்று கேட்டேன். தண்ணி போவணுமே என்றார்.

குழாய்களை அறுத்து எடுத்த அன்றைக்குக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார். நாலும் ஒரே மாதிரி, மெதுவாக, 'டப்' என்று மூடின. எனக்கே பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பொன்னி காரை எடுக்க வந்தாள். பெயிண்ட் அடித்து, இன்ஜினையும் ஓட வைத்து நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே குனிந்து புது மிதியடியைத் தடவினாள். கண் கலங்கிவிட்டது.

"சேகர், அப்படியே இருக்கு. அந்தக் காலம் மாதிரியே இருக்கு. எஸ்தர், நாங்க ரெண்டு பேரும் இதுல எப்படி எல்லாம் போயிருக்கோம் தெரியுமா?"

சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற வாயா இது?

"எங்க குந்திக்கினு போவீங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடிதான். ரெண்டு பேரும் பின்னாடிதான் போவோம்."

"ரெண்டு பேரும் சீட்டுலயா?"

"ஆமா, சீட்..." என்று ஆரம்பித்தாள். அவள் பார்வை சீட்டிலிருந்து இறங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த புது மிதியடியில் போய் நின்றது. கை இன்னும் கதவைப் பிடித்தபடி இருந்தது. அவள் முகத்தில் இருந்து ஒவ்வொன்றாக என்னவோ இறங்கிப் போவதைப் பார்த்தேன். காவேரி கையில் நூலோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏறு எஸ்தரு" என்றார் என் புருஷன். "ஓட்டிப் பாத்து அப்படியே கூரத்துல வுட்டுட்டு வரலாம்."

அவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் பொன்னிதான் ஏறுவாள் என்று நினைத்து, முந்திக்கொண்டு நானே முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். பொன்னி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பின்னால் ஏறினாள். கார் சந்தைத் தாண்டி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் வழிவிட்டு, ஊரைவிட்டு வெளியே வந்தது. ஜன்னலில் காற்று வந்தது. நல்ல காற்று.

கூரம் திரும்புகிற இடத்தில் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பொன்னி செருப்பைக் கழற்றிவிட்டு, கால் இரண்டையும் சீட்டின் மேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு, புடவையை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தாள்.

அவரும் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"காலக் கீழ வெச்சி குந்து பொன்னி" என்றார். "புதுத் தகடுதான். ஒண்ணும் ஆவாது."

பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். எனக்கு எரியவே இல்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் எரிந்தது.

பொன்னி காலைக் கீழே வைக்கவில்லை. வீடு வந்து சேருகிற வரைக்கும் வைக்கவில்லை.